உம் கொட்டியவனின் ஒலிநாடா

ஒலிப்பதிவுக் கருவியின் முன் வாய்திறவாது அமர்ந்திருத்தல் எளிதென்றே நான் எண்ணியிருந்தேன். இருபதாண்டுக்கு மேலாக வகுப்பறையிற் பேசிப் பிழைத்தவன் நான்; எனினும் பேசாதிருக்கவும் தெரிந்தவன் என்றொரு நம்பிக்கை எனக்கு இருந்தது. அந்நம்பிக்கை எண்பதுகளின் பிற்பகுதியில், சூரிச்சுக்கு அப்பால் மலையடியில் உள்ள கூர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றிற் பொய்த்துப்போயிற்று. அதனால் விளைந்த இழப்பு எனக்கன்று. எண்பது வயது கடந்த கறுப்பின முதியவர் ஒருவருக்கு. அவர் தம் தாயின் பெயரை இவ்வுலகில் ஓரிடத்தில் விட்டுச்செல்ல விரும்பினார். வேறெதையும் அவர் எவரிடமும் கேட்டதாக நான் அறியேன்.

புகலிடம் கோரி வந்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்தனுப்பிய காலம் அது. சூரிச்சை அடுத்த ஷ்லீரனுக்குப் போன என் நண்பர்கள் தொழிற்சாலைகளைக் கூட்டித் துடைத்தார்கள். கூருக்கு வந்த நாங்கள் உணவகங்களிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பெற்றோம். யாழ்ப்பாணத்திலே தமிழாசிரியனாக இருந்த எனக்கு இல்லத்தின் சலவைக்கூடம் வாய்த்தது. முற்பகலில் இயந்திரங்களுக்கு நடுவே நிற்பேன். பிற்பகலில், வெளுத்து மடித்த விரிப்புகளையும் துவாய்களையும் தள்ளுவண்டியில் ஏற்றி, அறை அறையாகச் சென்று அலமாரிகளில் அடுக்குவேன். அந்த அலுவலில் ஒரு விடுதலை இருந்தது. முதியவர்கள் உணவருந்திவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரம். எவரும் என்னை விரைவுபடுத்துவதில்லை.

அவருடைய அறை மூன்றாம் மாடியின் கோடியில் இருந்தது. சாளரத்தின் வழியே தொடருந்துத் தடங்கள் தெரியும். அத்தடங்களில் ஓடும் வண்டிகளின் சக்கரங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையில் நாற்பதாண்டுகள் உழைத்து ஓய்ந்தவர் அவர். பேச்சு, அப்பள்ளத்தாக்கின் மேட்டுநிலத்து உழவருடைய ஜெர்மன். நகரத்து இளையோர் மறந்துபோன சொற்களையெல்லாம் அவர் வழங்குவதாக மற்ற முதியவர்கள் சொல்வார்கள். ஆயினும் புதிதாகச் சேரும் பணியாளர் ஒவ்வொருவரும் அவரிடம் முதலிற் கேட்பது, எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதே. மலைமேலே பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டும் உள்ள தம் சிற்றூரின் பெயரை அவர் சொல்வார். கேட்டவர் சிரிப்பார். அவர் சிரிக்கமாட்டார்.

அவருடைய பேச்சை நான் நூல்வழக்கில் எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர் பேசியது உழவர் பேச்சு. ஆதலின் அதனை என் ஊர்ப் பேச்சிலேயே தருகிறேன். இனி வரவிருக்கும் செவிலியின் ஆங்கிலத்துக்கும் அதுவே வழி.

முதன்முறை நான் துவாய்களோடு உள்ளே நுழைந்தபோது, அவர் படுத்தவாறே என்னை மேலும் கீழுமாக அளந்தார்.

“நீர் சிலோனோ?”

ஓம் என்றேன்.

“உங்கடை ஆக்களை எனக்குச் சின்னனிலையே தெரியும். நாங்கள் ஒரு வேலிக்குள்ளை, அவையள் பக்கத்து வேலிக்குள்ளை. அவையளிட்டை யானை இருந்தது. எங்களிட்டை ஒண்டுமில்லை. அதாலை சனம் முதல் அவையளைத்தான் பாத்தது. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு.”

நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் நகைக்கத்தக்க செய்தியன்று அது. முதல் உலகப்போருக்கு முந்திய ஆண்டுகளில், தொலைநாட்டு மக்களைக் குழுக்குழுவாக அழைத்துவந்து, ஐரோப்பிய நகரங்களின் கேளிக்கைத் திடல்களில் வேலியிட்டுக் குடிலமைத்து, நுழைவுச்சீட்டு விற்றுக் காட்டிய வணிகர்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அவ்வாறு கொண்டுவரப்பட்ட ஒரு குழுவில், ஐந்து வயதுப் பிள்ளையாகத் தம் தாயோடு அவர் வந்தார். தாம் எந்த நாட்டவர் என்பது அவருக்குத் தெரியாது. திடலின் முகப்பிலே தொங்கிய பதாகையில் நகரத்துக்கு நகரம் வேறு வேறு நாட்டின் பெயர் எழுதப்பட்டிருந்ததாம். இலங்கையரும் யானைகளும் பக்கத்து வேலிக்குள் இருந்தது சூரிச் நகரத்தில்.

நான் விரிப்புகளை அடுக்கினேன், அவர் சொன்னார், நான் உம் கொட்டினேன்.

இவ்வழக்கத்தைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. எங்களிடையே ஒருவர் கதை சொல்லத் தொடங்கினால், கேட்பவர் உம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டாற் சொல்பவர் நிறுத்திவிடுவார். கேட்கிறாயோ, நித்திரையோ என்பார். அது உடன்பாட்டைக் குறிப்பதன்று, வியப்பைக் குறிப்பதுமன்று. நான் இங்கேதான் இருக்கிறேன், நீர் மேலே செல்லலாம் என்பதற்கு அடையாளம், அவ்வளவே. விளங்காத இடத்திலும் கொட்டுவோம். சொல்பவருக்குத் தலைகுனிவு நேரக்கூடாதென்று. இந்நாட்டவருக்கு அவ்வழக்கம் இல்லை. ஒருவர் பேசுகையில் அவர் முகத்தை நேராக நோக்கி, இதழ்களை மூடிக்கொண்டு, இறுதிவரை கேட்பதே அவர்கள் அறிந்த மரியாதை.

அக்குளிர்காலம் முழுவதும் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவருடைய பேச்சிற் பாதிதான் எனக்கு விளங்கிற்று. என் ஜெர்மன் நூலிலிருந்து கற்றது. அவருடையதோ எந்த நூலிலும் இல்லாதது. சமையற்கூடத்தில் கோப்பை கழுவிய வடமராட்சிக்காரர் ஒருவர், மூன்றாம் மாடிக்குத் தேநீர் கொண்டுவரும்போதெல்லாம் எங்களைக் காண்பார். “மாஸ்டர் துவாய் வைக்க ஒரு நிமிசம், உம் போட ஒரு மணித்தியாலம். இவருக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கிறாங்கள் எண்டு தெரியேல்லை” என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன். அதிலே ஓர் எச்சரிக்கை இருந்ததை அப்போது உணரவில்லை.

அவ்வில்லத்திற் கானா நாட்டுப் பெண்ணொருத்தி செவிலியாக இருந்தாள். முப்பது வயதிருக்கும். நான் அவளைச் சிஸ்டர் என்பேன். அவளோ எங்கள் ஆட்களைப் பார்த்து என்னை மாஸ்டர் என்று அழைக்கப் பழகியிருந்தாள். சூரிச்சில் அவளும் வேறு சில ஆப்பிரிக்கப் பெண்களும் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி, இந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த கறுப்பினத்தவரின் வரலாற்றை அவரவர் குரலிலேயே பதிந்து சேர்த்துவந்தார்கள். விடுதிகளிற் குழலிசைத்த ஒருவர்; வணிகக் குடும்பம் ஒன்றோடு பிள்ளை பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருத்தி; உழவனை மணந்து மலையேறிப்போன இன்னொருத்தி. இப்படிப் பதினைந்து பதினாறு நாடாக்கள், மூடியுள்ள ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டியைப் பார்த்தால் எளிய பொருளாகத்தான் தோன்றும். ஆனால் அவள் அதைத் தொடும் விதம் வேறு. “எங்களை எல்லாரும் எப்ப வந்தனீங்கள், எப்ப போவீங்கள் எண்டுதான் கேக்கினம். நாங்கள் இஞ்சை இருந்தனாங்கள் எண்டு சொல்ல எங்களிட்டை ஒரு கடதாசியும் இல்லை. இந்தக் குரலுகள்தான் இருக்கு” என்றாள் ஒருநாள்.

தன் கண்ணெதிரே, தான் நாள்தோறும் குளிப்பாட்டி உடுத்திவிடும் ஒருவரிடம் எல்லாவற்றினும் பழைய கதை இருப்பது தெரிந்ததும், அவள் கருவியோடு அவர்முன் அமர்ந்தாள். இரண்டு முறை அமர்ந்தாள். இரண்டு முறையும் அவர் சிறிது பேசிவிட்டு நிறுத்திக்கொண்டார். தலைவலி என்றார், நாளைக்கு என்றார். அவள் தளரவில்லை, ஆனால் விளங்கிக்கொள்ளவுமில்லை. காரணத்தை அவர் எனக்குத்தான் சொன்னார்.

“அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் வாய் திறக்காமல் என்னையே பாத்துக்கொண்டு இருக்குது. வேலிக்கு வெளியாலை சனம் அப்பிடித்தான் நிண்டது. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. பாத்துக்கொண்டே நிண்டவை. எனக்கு நாக்கு எழும்புதில்லை.”

நான் அதை அவளிடம் சொன்னபோது, அவள் மாடிப்படியிலேயே அமர்ந்துவிட்டாள். சத்தமின்றிக் கேட்கவேண்டும் என்பது அவர்களுடைய குழு வகுத்திருந்த விதி. நாற்காலி அசைந்தாலும் கருவி பிடித்துக்கொள்ளும் என்பதால், கேட்பவர் மூச்சைக்கூட அடக்கியே கேட்பார்களாம். மரியாதையென்று தான் செய்தது அவருக்கு அவமதிப்பாக முடிந்துவிட்டதே என்று வருந்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மாஸ்டர், உங்களோடை எண்டால் அவர் கதைக்கிறார். நீங்களே பதியுங்கோ. ஆனால் ஒண்டு. நீங்கள் வாய் திறக்கக் கூடாது.”

“நான் அங்கை ஒண்டும் கதைக்கிறேல்லை, சிஸ்டர்” என்றேன். உண்மையென நம்பியே சொன்னேன்.

கருவி எங்களுடையதுதான். எங்கள் விடுதியில் நால்வர் சேர்ந்து வாங்கியது. அக்காலத்தில் நாங்கள் ஊருக்குக் கடிதம் எழுதுவதைவிடக் குரலைப் பதிந்து அனுப்புவதே மிகுதி. ஆகவே அதன் பொத்தான்களில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

எழுதிவைக்கலாமே என்று நான் முதியவரைக் கேட்டதுண்டு. நான் எழுத்தை நம்பி வாழ்ந்தவன் அல்லவா. அவர் மறுத்துவிட்டார். தாய் இறந்த கதையை அன்றுதான் முழுமையாகச் சொன்னார். குழு சூரிச்சை விட்டுக் கிழக்கே வந்தபோது, கூரில் அவளுக்கு நெஞ்சுச் சளி முற்றிற்று. ஆற்றோரத்து ஊரொன்றின் இடுகாட்டில் அவளைப் புதைத்தார்கள். குழு அடுத்த நகரத்துக்குப் போய்விட்டது. பிள்ளையை எடுத்துச்செல்ல எவரும் முன்வரவில்லை. ஊர்ச்சபை அவரை மலைமேலிருந்த உழவரொருவர் வீட்டில் வேலைக்கு ஒப்படைத்தது. இந்நாட்டில் அப்போது ஏழைப் பிள்ளைகள் பலருக்கும் நேர்ந்த விதி அது. மாட்டுத் தொழுவத்தின் மேற்பரணில் உறங்கி வளர்ந்தார். பதினாறு வயதில் மலையிறங்கித் தாயின் குழியைத் தேடிப் போனபோது, ஒரு மரச்சிலுவை இருந்தது; அதிற் பெயர் இல்லை. பின்னர் அதுவும் இல்லாமற் போயிற்று. இங்கே குறித்த ஆண்டுகள் கழிந்ததும் பழைய குழிகளை அகற்றிப் புதியவர்களுக்கு இடம் விடுவார்கள். தேவாலய ஏட்டிலே, காட்சிக் குழுவைச் சேர்ந்த கறுப்புப் பெண் ஒருத்தி என்று மட்டும் எழுதியிருந்தது. செவிலி அந்த ஏட்டைச் சென்று பார்த்து வந்து உறுதிசெய்திருந்தாள்.

“என்ரை பேரையே எத்தினை அரசாங்கக் கந்தோரிலை எத்தினை விதமா எழுதினவங்கள். அம்மாவின்ரை பேரையும் எழுதலாம். எழுதினால் தங்கடை வாயாலைதான் வாசிப்பாங்கள். எனக்கு அது வேண்டாம். மற்றப் பொம்பிளையள் அவவைக் கூப்பிட்ட மாதிரி நான் சொல்லுவன். அது அப்பிடியே இருக்கட்டும்” என்றார்.

எழுபத்தைந்து ஆண்டுகளில் அப்பெயரை அவர் ஒருவருக்கே சொன்னார். மனைவி இருந்தாள், அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அவள் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை.

மூன்று பிற்பகல்கள் பதிந்தோம். கருவியைக் கண்டால் அவர் கூசுவாரென்று, நான் அதனை என் மடியில் வைத்து ஒரு துவாயால் மூடிக்கொண்டேன். முதல் நாள் வேலியையும் குடிலையும் பதாகையையும் சொன்னார். மூன்றாம் நாள் தொழுவத்தையும் பணிமனையையும் சொன்னார். பெயர் சொல்லப்பட்டது இரண்டாம் நாளில். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. தொடருந்துகளின் ஓசை கூட மங்கியிருந்தது. அவர் எழுந்து, தலையணையிற் சாய்ந்து, இரு கைகளையும் போர்வையின் மேல் வைத்துக்கொண்டார். முதலில் அப்பெயரைத் தாழ்ந்த குரலிற் சொன்னார். பிறகு, தொலைவில் நிற்பவளை அழைப்பதுபோல் நீட்டிச் சொன்னார். மூன்றாம் முறை, ஏதோ வழக்கமான குரலில், அவள் பக்கத்தில் அமர்ந்திருப்பதுபோற் சொன்னார். பின்பு என் மடியை நோக்கினார்.

“பிடிச்சுதோ?”

துவாயை விலக்கிப் பார்த்தேன். நாடா சுழன்றுகொண்டிருந்தது. “ஓம், பிடிச்சிட்டுது” என்றேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

செவிலி அப்போது தன் தந்தையைக் காணக் கானாவுக்குச் சென்றிருந்தாள். ஒவ்வொரு நாடாவையும் பதிந்த பின்னர் தொடக்கத்துக்குச் சுற்றி, முதற் சில வரிகளைக் கேட்டுப் பார்த்தேன். குரல் தெளிவாகவே இருந்தது. எஞ்சியதை அவள் வந்ததும் ஒன்றாகக் கேட்கலாம் என்று என் பெட்டியில் வைத்துவிட்டேன். அவள் திரும்புவதற்கு நான்கு நாள் முன்னர், ஒரு காலையில், காலையுணவு கொண்டுபோனவர்கள் முதியவரைக் கட்டிலருகே தரையிற் கண்டார்கள். பாரிசவாதம். வலப்புறம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

அவள் வந்த அன்று பிற்பகல், விரிப்புகள் அடுக்கும் அறையிற் கதவை மூடிக்கொண்டு நாங்கள் கேட்கத் தொடங்கினோம். தொடக்கத்தில் அவர் குரல் எழுந்தபோது அவள் வாயைக் கையாற் பொத்திக்கொண்டாள். ஒரு நிமிடம் சென்றது. பிறகு ஒரு பெருத்த ஓசை கேட்டது. வண்டு ஒன்று கருவிக்குள் புகுந்து முரல்வது போன்ற ஓசை. அது அடங்கியதும் முதியவரின் குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் மெலிந்து, சற்றே தெளிந்து வந்தது. தெளிந்ததும் மீண்டும் அந்த ஓசை.

அக்கருவி தன் ஒலியளவைத் தானே சீர்செய்துகொள்ளும் இயல்புடையது. அருகில் வலிய ஓசை எழுந்தால் தன் செவியைச் சுருக்கிக்கொள்ளும். மீண்டும் விரிய அதற்குச் சிறிது நேரம் வேண்டும். கருவி என் மடியில் இருந்தது. அவரோ கட்டிலில் இருந்தார். முதியவர், மெல்லிய குரல். நான் உம் கொட்டிய போதெல்லாம் அது சுருங்கிற்று. அது விரிந்து அவரை எட்டுமுன் நான் அடுத்த உம்மைக் கொட்டியிருந்தேன். மூன்று நாடாக்களிலும் இப்படியே. சமையற்கூடத்து நண்பர் எதைக் கண்டு சிரித்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

“இந்தச் சத்தம் ஆர்?” என்றாள்.

“நான்தான்.”

“உங்களுக்கு நான் சொன்னனான், வாய் திறக்கக் கூடாது எண்டு.”

“நான் ஒண்டும் கதைக்கேல்லை, சிஸ்டர்.”

அவள் என்னைச் சினந்து பார்த்தாள். பிறகு சினம் வடிந்தது. நான் சாக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறேன் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. மெதுவாகக் கேட்டாள்: “இது கதைக்கிறது இல்லையோ, மாஸ்டர்?”

இரண்டாம் நாடாவில் அந்த இடத்தை அவள் தேடிப் பிடித்தாள். அம்மாவின் பெயர் என்று அவர் தொடங்குவது கேட்டது. என் உம் கேட்டது. அதன்பின் மூன்று முறை, ஆழத்தில் ஏதோ அசைவது போன்ற ஒன்று. மூன்று முறையும் அதன்மேல் என் உம். பிறகு, பிடித்ததோ என்ற கேள்வியும், ஓம் என்ற என் மறுமொழியும் மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டன. அவள் அதைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டாள். ஒலியை உயர்த்தினாள், இரைச்சலும் கூடவே உயர்ந்தது. கடைசியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“சரி, மாஸ்டர். பேரை நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் கேட்டனீங்கள்தானே.”

கேட்டவன்தான். அவருக்கு மூன்றடி தொலைவில் இருந்தவன். ஆனால் அந்தப் பெயர் என்னிடம் இல்லை. அது எவ்வெழுத்தில் தொடங்கிற்று என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்கு நினைவில் நின்றவை, போர்வையின் மேலிருந்த அவருடைய கைகளும் சாளரத்தில் வீழ்ந்த பனியும் மட்டுமே.

அவள் நாடாவைத் தகரப் பெட்டியில் வைத்தாள்.

மறுவாரம் அவள் எழுத்துகள் எழுதிய ஓர் அட்டையை அவரிடம் கொண்டுபோனாள். இடக்கையால் எழுத்துகளைத் தொட்டுக் காட்டினால் பெயரை மீட்டுவிடலாம் என்று எண்ணினாள். எழுத்தில் வேண்டாமென்றவரிடம் அதைக் கேட்பதற்கே அவள் தயங்கினாள் என்பதை நான் அறிவேன். அவர் இரண்டு எழுத்துகளைத் தொட்டார். மூன்றாவதைத் தேடினார், முதலாவதற்கே திரும்பி வந்தார். அட்டையைத் தள்ளிவிட்டார். நோய் எழுத்துகளையும் குழப்பிவிட்டது என்று மருத்துவர் சொன்னார்.

அதன்பின் அவர் இடக்கையால் ஒரு குறிப்புக் காட்டத் தொடங்கினார். விரலைச் சுழற்றுவார்; பிறகு தம் காதைத் தொடுவார். அவருக்கு நாடாவைக் கேட்கவேண்டும். செவிலி வேண்டாமென்றாள், அவரை அதனின்று காப்பது தன் கடமையென்று நினைத்தாள். மூன்று நாள் அவர் விடாமல் அதே குறிப்பைக் காட்டினார். நாலாம் நாள் நான் கருவியை எடுத்துச் சென்றேன். தவறு செய்தவன் மறைக்கவும் கூடாதென்று எனக்குத் தோன்றிற்று. அது சரியோ என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

இரண்டாம் நாடாவையே அவர் சுட்டிக் காட்டினார். நான் அதை ஓடவிட்டேன். தம் குரலைக் கேட்டதும் அவருடைய இடப்பக்க உதடு சற்றே விரிந்தது. என் ஓசை குறுக்கிட்டபோது அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அது அவருக்குப் பழகிய ஓசை. அதைக் கேட்டுத்தான் அவர் பேசிவந்தார். கண்களை மூடி, இடக்கையைப் போர்வைமேல் அசைத்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது. கண்களைத் திறந்தார். மூன்று முறையும் காத்திருந்தார். நாடாவில் பிடித்துவிட்டது என்ற என் மறுமொழி வந்தபோது, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவருடைய வாய் அசைந்தது. பெயரைச் சொல்ல முயன்றாரோ, வேறெதையோ, நான் அறியேன். காற்று மட்டும் வந்தது.

எனக்கு அப்போது ஒரு சொல்லும் எழவில்லை. உம் என்னும் அந்த ஓசையும் எழவில்லை. இதழ்களை மூடிக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தேன். அவர் முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்பது தள்ளுவண்டியோடு மின்தூக்கிக்குள் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போனேன். அவர் உறங்கிவிட்டிருந்தார், அல்லது உறங்குவதுபோற் கிடந்தார்.

அதன் பிறகும் அவருடைய அறைக்குத் துவாய் கொண்டுசென்றேன். அவர் என்னை வெறுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் விரலைச் சுழற்றிக் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

மலைகளில் பனி உருகத் தொடங்கியபோது அவர் இறந்தார். நகரத்து இடுகாட்டில் அடக்கம் நடந்தது. பணிமனையிலிருந்து இரண்டு முதியவர்கள், இல்லத்திலிருந்து நாங்கள் சிலர். போதகர் நல்லவர்தான். தொலைவிலிருந்து நம்மிடம் வந்த விருந்தினர் என்று அவரைப் பற்றிச் சொன்னார். என் அருகில் நின்ற செவிலி தலைநிமிராமலே முணுமுணுத்தாள்: “எழுபத்தைஞ்சு வரியம் இருந்தும் விருந்தாளியோ.” பணிமனைக்காரர் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியுமோ என்னவோ, அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்த ஞாயிறு அவள் என்னைச் சூரிச்சுக்கு அழைத்துச் சென்றாள். தேவாலயம் ஒன்றின் நிலவறை மண்டபம். ஐந்தாறு பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுமேசையில் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. நாடாக்களைக் கேட்டவர்கள் எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முதியவர் எனக்குக் குளிர்காலம் முழுவதும் சொன்னவற்றை, நினைவில் உள்ளவரை, நான் ஒரு புதிய நாடாவில் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். என் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னேன். வேலி, பதாகை, யானை, மரச்சிலுவை, பரண், சக்கரங்கள். விளங்காத இடங்களை விளங்காதவை என்றே சொன்னேன். அவர்கள் தம் விதிப்படி என்னை நோக்கி அசையாமல் இருந்தார்கள்.

பெயர் சொல்லப்பட்ட பிற்பகலை எட்டியபோது நிறுத்தினேன். செவிலி கருவியை நிறுத்தவில்லை.

அவர் தம் தாயை அழைத்த அந்த நேரத்தில் நான் அவரைக் கேட்கவில்லை என்பதைச் சொன்னேன். அக்குளிர்காலத்தின் தொடக்கத்தில் என் தாயின் இறப்புச் செய்தி தந்தியில் வந்திருந்தது. வந்தபோது எல்லாம் முடிந்து பத்து நாளாகியிருந்தது. கொள்ளிவைக்க வேண்டிய மகன் இங்கே விரிப்பு மடித்துக்கொண்டிருந்தான். முதியவர் அம்மா என்று தொடங்கியதும் என் மனம் அவரை விட்டு நீங்கித் தன் வழியே போய்விட்டது. வாய்மட்டும் அங்கே தங்கி உம் கொட்டிற்று. அதை அவர் செவிமடுத்தல் என்று நம்பினார். அவரை அவ்வாறு நம்பவைத்தேன். இதை நான் அதுவரை எவருக்கும் சொன்னதில்லை; கருவி சுழன்றுகொண்டிருந்தபடியாற்போலும் அங்கே சொன்னேன்.

முடித்ததும் ஒரு பெண் எழுந்து தேநீர் வார்த்தாள். செவிலி நாடாவை எடுத்து, பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல் ஒரு சீட்டை நிரப்பத் தொடங்கினாள். முதியவரின் பெயர், ஊர், பதிந்த நகரம். தாயின் பெயருக்கு நேரே எழுதுகோல் நின்றது. அங்கே வெறுமையாக விடுங்கள் என்றேன்.

“வெறுமையா விட்டால், அவர் சொல்லேல்லை எண்டு நினைப்பினம்” என்றாள். “மூண்டு தரம் சொன்னார் எண்டு எழுதுவம்.”

அப்படியே எழுதினாள். அதன் கீழ், கேட்டவர் என்று ஒரு வரி இருந்தது. சீட்டை என் பக்கம் திருப்பி, எழுதுகோலை நீட்டினாள். அவ்விடத்தில் என் பெயரை நானே எழுதினேன்.